ரூபி பார்டி எண்ணிய நாற்பத்து மூன்று புகைபோக்கிகள்

இந்த மண்டபத்தின் சாவியை இடுப்பில் வைத்திருப்பவரும், அதனாலேயே இன்றைய கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவருமான கடைக்காரர் ஊனா குளூயெட் அவர்களே! ஒட்டாவாவிலிருந்து விமானம் ஏறி, அப்புறம் நம் கப்பலும் ஏறி, வாந்தி எடுத்தும் முகம் கோணாமல் மேடையில் அமர்ந்திருக்கும் மானிய அலுவலர் செல்வி ட்ரெம்ப்ளே அவர்களே! முன்வரிசையில் தன் தாய் ரூபியின் படத்தைப் பார்த்தபடி இருக்கும் செல்மா அவர்களே! பிட்டர் கோவ் மக்களே! கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்று, எப்போது நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் சிலரே, உங்களையும் சேர்த்துத்தான்! எல்லோருக்கும் ஆம்ப்ரோஸ் கீப்பிங்கின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசினார்கள். என்னிடம் காகிதம் கிடையாது. இருந்தாலும் அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. எண்பத்து நான்கு வயதில் எனக்குப் போடத் தெரிந்தது ஒரே ஒரு குறி. பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு. பத்து வயதில் படகில் ஏறியவனுக்கு அவ்வளவுதான் கிடைத்தது. ஆனால் காதில் விழுந்தது எதையும் நான் தொலைத்ததில்லை. எந்த வருடம், எந்தக் காற்று, யார் பக்கத்தில் நின்றார், என்ன சொன்னார் என்று கேளுங்கள், சொல்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தைப் பற்றிக் கடைசியில் பேசுவேன்.

இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, திராட்சை பன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் நம் ஊர் வழக்கம். இன்றைக்கு நான் அப்படிப் பேசப் போவதில்லை. நான் சந்தேகத்தோடு வந்திருக்கிறேன், மக்களே! நம்முடைய ரூபி பார்டி அம்மையாரைப் பற்றி இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பேச்சு ஓடியது. அந்தப் பேச்சை முதலில் திறந்துவிட்ட வாய் இதே மண்டபத்தில் இருக்கிறது. அது யாருடைய வாய் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். அதுவரை கதவைத் திறக்காதீர்கள். குளிர் உள்ளே வருகிறது.

யார் இந்த ரூபி பார்டி? முப்பத்தெட்டு ஆண்டுகள் நம் தபால் நிலையத்தை நடத்தியவர். இந்த ஊருக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் அவர் கையைத் தாண்டித்தான் வந்தது. எவன் கடன் வாங்கினான், எவள் வீட்டை விட்டுப் போகப் பார்த்தாள், யாருக்கு வக்கீல் எழுதினான், எல்லாமே உறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு வார்த்தை வெளியே வந்ததா? ஒரே ஒரு வார்த்தை? சொல்லுங்கள்!

எனக்கு அவர் இன்னொன்றும் செய்தார். மீன் விற்ற காசோலையில், பிறகு ஓய்வூதியக் காசோலையில் நான் என் குறியைப் போடுவேன். எழுதத் தெரியாதவன் போடும் குறி, பக்கத்தில் ஒரு சாட்சி எழுதினால்தான் செல்லும். ‘இது ஆம்ப்ரோஸ் கீப்பிங் போட்ட குறி’ என்று ரூபி எழுதிக் கையெழுத்துப் போடுவார். பாஸ்டனில் இருந்த என் அண்ணன் எழுதும் கடிதங்களையும், கதவைச் சாத்திவிட்டு, அவர்தான் எனக்குப் படித்துக்காட்டுவார். ஒருநாள் பிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“ஆம்ப்ரோஸ், இது நல்ல சேதி இல்ல. உக்காந்துக்கறீங்களா?”

“நின்னுக்கிட்டே கேக்கறேன். எழுதினத மட்டும் படி, ரூபி. நீயா எதையும் சேக்காத.”

சேர்க்கவில்லை. குறைக்கவும் இல்லை. அண்ணன் எந்த நோயில், எத்தனை நாள் கிடந்து, கடைசியில் என்ன கேட்டான் என்பது வரை எழுதியது எழுதியபடி படித்தார். மென்மையாகத் தடவிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவா போகிறது? யோசித்துப் பாருங்கள்! படிக்கத் தெரியாத ஒருவனை ஏமாற்ற அவருக்கு முப்பத்தெட்டு வருடம் வாய்ப்பு இருந்தது. ஒருநாள்கூட ஏமாற்றவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ரூபி என் வீட்டுக்கு வந்து, ஊர் ஊருக்கு ஒட்டாவா ஒரு மானியம் தருகிறது, பொய்ச் செய்தி பரவாமல் ஊரே பார்த்துக்கொள்வதற்காக, நாமும் கேட்கலாம் என்றார்.

“கவர்மெண்டு பொய்யைப் பிடிக்கப் பணம் குடுக்குதா?” என்றேன். “அப்ப முதல் பொய்யை ஒட்டாவாவுலயே பிடிக்கலாமே. கப்பல் செலவு மிச்சம்.”

“சிரிக்காதீங்க. போன மாசம் ஊனா கடையில ஒருத்தர் தடுப்பூசியில தாமிரக் கம்பி இருக்குன்னு சொல்லிட்டிருந்தார்.”

“யாரு?”

“நீங்கதான்.”

செல்வி ட்ரெம்ப்ளே சிரிக்கிறார். சிரிக்கட்டும். நேற்று ஊனா கடையில் அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த மானியத்தில் ரூபி போட்ட மேசை ஒருநாள் அரசாங்கத்தின் பொய்யையே பிடித்தால் அப்போதும் மானியம் வருமா என்று. அவர் தேநீரைக் கலக்கிவிட்டு, “விண்ணப்பத்துல அப்படி ஒரு கேள்வி இல்லீங்க, ஐயா” என்றார். “அப்ப அடுத்த தடவை சேத்து எழுதிக்கோங்க” என்றேன். பொய் சொல்லித் தப்பிக்கவில்லை. அதற்காக அவருக்கு இங்கே நாற்காலி கொடுத்திருக்கிறோம்.

மானியம் வந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஒரு நல்ல படகு எஞ்சினுக்குக்கூடக் காணாது. அதை வைத்து ரூபி என்ன செய்தார்? இதோ, இந்த மூலையில் ஒரு மேசை போட்டார். ஒரு கணினி, ஒரு தொலைபேசி, ஒரு கெண்டி. பிஸ்கட் டப்பா நிறைய அட்டைகள். செவ்வாய்க்கிழமை தோறும் யார் வேண்டுமானாலும் வந்து, தான் கேட்ட பேச்சைச் சொல்லலாம். ரூபி அதை அட்டையில் எழுதுவார். பிறகு இரண்டே கேள்வி. யார் சொன்னது? அந்த ஆள் தன் கண்ணால் என்ன பார்த்தார்? ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று பின்னாலேயே போவார், கண்ணால் பார்த்தவர் கிடைக்கும் வரை. கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதிப் பெட்டியில் போடுவார். தெரியவில்லை என்று எழுதுகிற அலுவலகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, மக்களே!

மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதம் நினைவிருக்கிறதா? கப்பலில் கயிறு பிடிக்கிற கார்லண்ட் தன் கைபேசியோடு ஓடிவந்தான். கரை முழுக்கச் செத்த மீன், நடுவில் ஒரு படகு. பிட்டர் கோவ் சிப்பியில் விஷம் என்று எழுதியிருக்கிறதாம். ஆயிரக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்களாம். சிப்பி வாங்குகிற வியாபாரி அன்றைக்கே லாரியை நிறுத்திவிட்டான். சிப்பி வளர்க்கிற பதினாறு குடும்பம் இடிந்து போய் உட்கார்ந்திருந்தது.

ரூபி படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “ஆம்ப்ரோஸ், இது எந்தக் கரை?”

“நம்ம கரை இல்ல. படகப் பாரு, சேத்துல உக்காந்திருக்கு. தூண்ல பாசி ரெண்டு ஆள் உசரத்துக்கு ஏறியிருக்கு. நம்ம தண்ணி ஒரு ஆள் உசரம் ஏறி இறங்கினாலே பெருசு. இது ஃபண்டி வளைகுடாப் பக்கம்.”

“நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?”

“எழுபத்தோராம் வருஷம் அங்கதான் வேலை. படகுக்கு அடியில நடந்திருக்கேன்.”

அதோடு விட்டாரா? விடவில்லை! அந்தப் பக்கத்துத் துறைமுகம் மூன்றுக்குத் தொலைபேசி போட்டார். மூன்றாவது ஊரில் படகின் சொந்தக்காரரே பேசினார். எட்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த படமாம். பத்தாம் நாள் லாரி திரும்பி வந்தது. எனக்குக் கோபம். “நான் சொன்னா போதாதா? எதுக்கு மூணு போன்?” என்றேன். “உங்களுக்கும் தப்பு வரலாம் இல்லையா?” என்றார்.

என்னைச் சந்தேகப்பட்டார்! என் முகத்துக்கு நேரே சந்தேகப்பட்டார்! சந்தேகம் வந்தால் உடனே எழுந்துபோய்க் கேட்டுவிடுவார் ரூபி. நாமெல்லாம் சந்தேகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறவர்கள். அவருக்கும் நமக்கும் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

இனி அந்தப் பேச்சுக்கு வருகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அது கிளம்பியது. ரூபி வாங்குவது பொய்யைப் பிடிக்கிற பணம் இல்லை, ஊரைக் காலி செய்கிற பணம் என்று. அந்த மேசையில் யார் யார் ஊரை விட்டுப் போகத் தயார் என்று பட்டியல் எடுக்கிறார் என்று. அது எப்படிப்பட்ட பேச்சு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முக்கால்வாசிப் பேர் ‘போகிறோம்’ என்று வாக்களித்தால் அரசாங்கம் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கும். அப்புறம் கப்பல் நிற்கும். விளக்கு அணையும். இந்தக் கரையில் எத்தனை ஊர் அப்படிப் போனது என்று நமக்குத் தெரியும். பொய்ச் செய்தி, மேசை, தேநீர் எல்லாம் ஒரு திரை. உள்ளே நடப்பது கணக்கெடுப்பு. இதுதான் பேச்சு.

ஜனவரியில் மேசைக்கு யாரும் வரவில்லை. பத்துக் கோப்பையை எடுத்து வைத்துவிட்டு ரூபி தனியாக உட்கார்ந்திருந்தார். கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. நான் மட்டும் யோக்கியமா? நானும் போகவில்லை. எனக்கும் சந்தேகம். கார்லண்ட் அந்தப் பேச்சை என்னிடம் வந்து சொன்னபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘நான் நினைச்சது சரியாத்தான் இருக்கு’ என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு மதியம் ரூபி என் வீட்டுக்கு வந்தார். கையில் பார்ட்ரிட்ஜ்பெரி ஜாம் ஒரு புட்டி. இதயம் அப்போதே சரியில்லை. படியேறி வந்து மூச்சு வாங்கினார்.

“ஆம்ப்ரோஸ், உங்களுக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?”

“ஒண்ணும் இல்லையே.”

“என்னவா இருந்தாலும் கேளுங்க. கோவிச்சுக்க மாட்டேன்.”

“ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல.”

பட்டியலில் என் பெயரை எழுதத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. நான் தேநீர் ஊற்றவில்லை. பிட்டர் கோவில், வீட்டுக்குள் வந்தவருக்குத் தேநீர் ஊற்றாமல் அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வரி கேட்க வந்தவனுக்குக்கூட ஊற்றுவோமே! ரூபி கெண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜாமை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மார்ச் ஐந்தாம் தேதி போய்விட்டார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது செல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, ஏன் ஊரே எங்கம்மாவை விட்டு விலகிப் போச்சு? அம்மா போன்ல அழுதாங்க. என்ன விஷயம்னு சொல்லவே இல்ல.” ‘வழுக்கும், பாத்து நட’ என்று மட்டும் சொன்னேன். நான் எவ்வளவு பேசுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும்.

மானியம் இந்த மாதத்தோடு முடிகிறது. தொடர வேண்டுமானால் புது விண்ணப்பம் போக வேண்டும். ரூபி அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அதோடு, இந்த மேசை எங்களுக்கு வேண்டும் என்று ஊரில் இருபது பேர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்க வேண்டும். ஏழு கையெழுத்தில் நின்றுவிட்டது. வியாழக்கிழமைக் கப்பலில் செல்மா அதை எடுத்துப் போகிறாள். அதற்குள் பதின்மூன்று பேர் வராவிட்டால் மேசை போகும். மேசை போனால், பேச்சு உண்மை என்றே நிலைத்துவிடும். ‘பாத்தீங்களா, அகப்பட்டதும் நிறுத்திட்டாங்க’ என்பார்கள். ரூபியின் பெயர் இந்தக் கரையில் அப்படியே நிற்கும்.

செல்வி ட்ரெம்ப்ளே போன வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் நான் நேராகப் போய் நின்றேன். “பட்டியல் இருக்கா, இல்லையா?” அவர் ரூபி எழுதிய விண்ணப்பத்தைத் திறந்து எனக்குப் படித்துக்காட்டினார். அதில் பெயரே கிடையாது. குளிர்காலத்தில் ஊரில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி. பழைய ஏட்டில் அறுபத்தொன்று என்று இருக்கிறது. அதையே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதில் பல, டொராண்டோக்காரர்களுடைய கோடை வீடு. தன் கண்ணால் பார்க்காத எண்ணை ரூபி எழுதுவாரா? உறைபனிக் காலையில் மாதாகோயில் மேட்டில் ஏறி நின்று, புகை வருகிற புகைபோக்கிகளை எண்ணினார். நாற்பத்து மூன்று. பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்: ‘நவம்பர் பதினெட்டு, காலை ஏழரை மணி, புகை கண்டு எண்ணியது.’

இவ்வளவுதான், மக்களே! இதற்கா இரண்டு மாதம் ஊரே முகத்தைத் திருப்பியது?

எனக்குக் கோபம் வந்தது. இதைத் திரித்தவன் எவன்? பிடித்தே தீருவது என்று கிளம்பினேன். ரூபியின் இரண்டு கேள்வியை எடுத்துக்கொண்டேன். முதல் சந்தேகம் கார்லண்ட் மேல். கப்பல்துறையில் பிடித்தேன்.

“கார்லண்ட், ரூபி பட்டியல் எடுக்கறான்னு உனக்கு யார் சொன்னது?”

“ஊருக்கே தெரியும் மாமா.”

“ஊருக்கு வாய் கிடையாது. ஆளச் சொல்லு.”

“நான் கயித்தப் பிடிக்கட்டுமா, உங்களுக்குப் பதில் சொல்லட்டுமா?”

“உனக்கு ரெண்டு கை, ஒரு வாய். ரெண்டையும் பண்ணு.”

“ஊனா கடையில கேட்டேன்.”

“கப்பல் நிக்கும்னு ஊனாவா சொன்னா?”

கயிற்றை நன்றாக முடிந்தான். தேவைக்கு மேலேயே முடிந்தான். “அது நானா சேத்துக்கிட்டது மாமா. வீட்டை எண்ணுது, பணம் வருதுன்னா அடுத்தது பட்டியல், கப்பல்தானே? எனக்கு வேலை போயிடுமேன்னு பயம்.”

கதவுப் பக்கம் நிற்கிறான், பாருங்கள். என்னிடம் சொன்னதை இங்கேயும் சொல்வான். அவனிடமே கேளுங்கள்.

அடுத்து ஊனா. தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் பெயரையும் சொல்லப் போகிறேன் என்று இன்று காலையே அவரிடம் சொல்லிவிட்டேன். “சொல்லுங்க மாமா, சாவி என்கிட்டதானே இருக்கு, யாரும் ஓட முடியாது” என்றார்.

அன்றைக்குக் கடைக்குப் போய்க் கேட்டபோது, “நான் பொய் சொல்லல மாமா,” என்றாள் ஊனா, தராசுக்குப் பின்னால் நின்றுகொண்டு. “ரூபிக்குக் கவர்மெண்டு பணம் வருதா இல்லையா? வருது. வீடுகள எண்ணினாங்களா இல்லையா? எண்ணினாங்க. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னேன். அவ்வளவுதான்.”

“ஒரே மூச்சுல சொன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்மா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அத நான் யோசிக்கல.”

“எண்ணினத நீ பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன், கடைய விட்டுட்டு? லியாண்டர் சொன்னாரு. கவர்மெண்டு ஆளோட நின்னு எண்ணினாங்கன்னு. ஒரு ரொட்டி வாங்க வந்துட்டு ஒரு மணி நேரம் நிக்கறது வேற யாரு?”

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். லியாண்டர் சாவோரி! அறுபது வருடமாக என் கூட்டாளி, அறுபது வருடமாக மிகைப்படுத்திப் பேசுகிறவன். இவனாகத்தான் இருக்கும்! வலைக்கொட்டகைக்குப் போனேன். இறால் கூடு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தான்.

“லியாண்டர், ரூபி பக்கத்துல நின்னவன் கவர்மெண்டு ஆளுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீலக் கோட்டு, சுத்தமான ஷூ. வேற யாரு போடுவா?”

“ஷூவ நீ பாத்தியா?”

“நான் எங்கடா பாத்தேன்? நான் மேட்டுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தேன். பாத்தவன் நீ. சொன்னவன் நீ.”

“நானா?”

“பின்ன நானா? பெரிய ஞாபகசாலி, இத மட்டும் மறந்துட்டியாக்கும்.”

மறக்கவில்லை, மக்களே! மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். நவம்பர் பதினெட்டு. காற்று வடமேற்கு. லியாண்டரின் பிளாஸ்கில் காப்பி, மூடியில் ஒரு விரிசல். நான் படகுத்துறை மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தேன். மேட்டில் ரூபி நிற்கிறார். விரலை நீட்டி, வீடு வீடாகக் காட்டி, நோட்டில் குறிக்கிறார். பக்கத்தில் ஊரில் இல்லாத ஒரு ஆள், நீலக் கோட்டு. நான் சொன்னேன்: “லியாண்டர், ரூபி வீடுகள எண்ணறா. கூட எவனோ ஒருத்தன். அறுபத்தாறுல ரேவன் தீவுக்கு வந்தவனும் இப்படித்தான் விரல நீட்டி நீட்டி எண்ணினான். எண்ணி முடிச்ச மறு வருஷம் தீவே காலி.”

ஒவ்வொரு சொல்லும் எனக்குள் இருந்தது. அன்று முதல் இருந்தது. ஆனால் பேச்சு என்றால் அடுத்தவன் பேசுவது என்றே நினைத்திருந்தேன். நான் சொன்னதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

ரேவன் தீவு எனக்குப் பொய் இல்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து. எங்கள் வீட்டைப் பீப்பாய்கள் மேல் ஏற்றிக் கட்டி, கடலில் மிதக்கவிட்டு, ஒன்பது மைல் இழுத்து வந்தோம். அந்த வீட்டில்தான் இன்றும் தூங்குகிறேன். விரல் நீட்டி எண்ணுகிறவரைப் பார்த்தால் எனக்கு வேறு என்ன தோன்றும்? நான் பார்த்ததும் உண்மை, நினைவில் இருந்ததும் உண்மை. இரண்டையும் நான் சேர்த்து முடிந்ததுதான் பொய். அந்தக் காலையில் மேட்டுக்கு நடந்தால் இருநூறு அடி. நடந்து போய், “என்ன ரூபி, என்ன எண்ணற?” என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் போகவில்லை. காப்பி சூடாக இருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? என் பேச்சு லியாண்டரிடம் போய் ஒரு ஷூ போட்டுக்கொண்டது. ஊனாவிடம் போய்ப் பணம் வாங்கிக்கொண்டது. கார்லண்டிடம் போய்க் கப்பலை நிறுத்தியது. நன்றாக வளர்ந்து, கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக் கதவையே வந்து தட்டியது. எனக்கு அடையாளம் தெரியவில்லை! ‘பார், ஊரே சொல்கிறது, நான் நினைத்தது சரி’ என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

இந்த மண்டபத்தில் இருக்கிற அந்த முதல் வாய் என்னுடையது, மக்களே.

போகாதீர்கள். இன்னும் ஒன்று இருக்கிறது.

மூன்று நாளைக்கு முன்னால் செல்மா அந்த பிஸ்கட் டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். ரூபி தன்னைப் பற்றிய பேச்சுக்கும் ஓர் அட்டை போட்டு வைத்திருக்கிறார்! மற்ற பேச்சுக்குப் போடுவது போலவே, அதே கேள்வி, அதே ஒழுங்கு. செல்மா படித்தாள். ‘யார் சொன்னது: கார்லண்ட். அவருக்கு: ஊனா. அவருக்கு: லியாண்டர். நீலக் கோட்டு: தொலைபேசிக் கோபுரம் பழுது பார்க்க வந்தவர், ஏறிய களைப்பில் நின்றார்.’ அடுத்த வரியில் பெயர் இல்லை. ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் பிப்ரவரி மாதத் தேதி போட்டு எழுதியிருக்கிறார்: ‘போய்க் கேட்டேன். சொல்லவில்லை. காத்திருக்கலாம்.’

எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். ஜாம் புட்டியோடு படியேறி வந்து, மூச்சு வாங்கி நின்று, நானே சொல்வதற்கு எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறார். நானே என் வாயால் சொல்லாதவரை என் பெயரை எழுதக் கூடாது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். முப்பத்தெட்டு வருடம் என் குறிக்குப் பக்கத்தில் எழுதியவர்!

“மாமா, இந்தக் கடைசி வரி யாரப் பத்தி?” என்று செல்மா கேட்டாள். அன்றைக்கும் நான் கெண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்மா, உன் கேள்விக்கு இன்று ஊர் முன்னால் பதில் சொல்லிவிட்டேன். அந்தக் கோட்டின் மேல் ஆம்ப்ரோஸ் கீப்பிங் என்று எழுது.

பெருமக்களே! ரூபி பார்டி அம்மையார் வாழ்க என்று கத்திவிட்டுக் கலைவது சுலபம். நான் வேறு கேட்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் நான் உட்காருவேன். எனக்கு எழுதத் தெரியாது, எழுதுகிறவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். வருகிறவர் யாராக இருந்தாலும் தேநீர் என் கையால் ஊற்றுவேன். கவர்மெண்டு பணம் வந்தாலும் உட்காருவேன், வராவிட்டால் விளக்குச் செலவுக்கு மட்டும் உங்கள் வீட்டுக்கு வருவேன். நான் உயிரோடு இருக்கும்வரை யாராவது என்னிடம் வந்து ஒரு பேச்சைச் சொன்னால், ‘யார் சொன்னது, கண்ணால் என்ன பார்த்தார்’ என்று கேட்பேன். நான் பேசினால் நீங்கள் என்னைக் கேளுங்கள். இரண்டு மடங்கு கேளுங்கள்.

இப்போது நான் சொன்னதையும் நம்பிவிடாதீர்கள். கார்லண்ட் அங்கே நிற்கிறான். ஊனா மேடையில் இருக்கிறார். லியாண்டர் மூன்றாவது வரிசையில், தூங்குவது போலப் பாவனை செய்கிறான். விண்ணப்பம் செல்வி ட்ரெம்ப்ளேயின் கையில் இருக்கிறது, நாற்பத்து மூன்று என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேளுங்கள். கேட்ட பிறகு மனம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். ஏழு இருக்கிறது, இருபது வேண்டும்.

செல்மா, அந்தத் தாளை இப்படிக் கொடு. எந்த இடத்தில் போட வேண்டும்? இங்கேயா? சரி.

ஒரு கோடு. இன்னொரு கோடு. எட்டாவது என்னுடையது.

ஆனால் இது இன்னும் செல்லாது. பக்கத்தில் ஒரு சாட்சி எழுத வேண்டும். முப்பத்தெட்டு வருடமாக எழுதியவர் அதோ, படத்தில் இருக்கிறார். பேனாவை இந்த மேசை மேல் வைக்கிறேன்.

இது ஆம்ப்ரோஸ் கீப்பிங் போட்ட குறிதான் என்று எழுத, கண்ணால் பார்த்தவர் யார் வருகிறீர்கள்?